பதிவேட்டின்படி எழுத இயலாதவள் எழுதுவது

அனுப்புநர்:
திருமதி ஞானாம்பிகை பரமலிங்கம் (வயது 73),
ஓய்வுபெற்ற எழுதுவினைஞர்,
ஆற்றுவாய்க் கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கம்,
வாடி ஒழுங்கை, தொண்டைமானாறு.

பெறுநர்:
பணிப்பாளர் அவர்கள்,
முதியோர் இயலுமை மதிப்பீட்டுப் பணியகம்,
வட பிரிவு.

பிரதி: கிராம அலுவலர் அவர்கள்.

பொருள்: என்னைப் பேசவும் எழுதவும் இயலாதவள் என்றும், பாரிசவாதத்தால் இடப்பக்கம் விழுந்துபோன என் கணவரை என்னுடைய பராமரிப்பாளர் என்றும் பதிந்திருப்பதை நீக்குதல், 19ஆம் திகதி என்னை ஏற்றிச் செல்ல வரவிருக்கும் வாகனத்தை நிறுத்துதல்.

மதிப்பிற்குரிய பணிப்பாளர் ஐயா அவர்களுக்கு,

01. இம்மனுவை எழுதுபவர், தங்கள் பணியகத்தின் பதிவேட்டின்படி, பேசமாட்டார், எழுதமாட்டார், பிறர் சொல்வதை விளங்கிக்கொள்ளவுமாட்டார். அவர் நான்தான். முழுவதையும் என் கைப்படவே எழுதுகிறேன். எங்கள் சங்கத்தில் முப்பத்தொரு வருடம் எழுதுவினைஞராக இருந்தேன். அந்தக் காலத்தில் சங்கத்திலிருந்து போன எந்தக் கடிதமும் விளங்கவில்லை என்று திரும்பி வந்ததில்லை. இதில் எழுத்துப் பிழை ஏதும் இருந்தால் சுட்டிக்காட்டுமாறு கேட்டுக்கொள்கிறேன். இருக்காது என்றே நினைக்கிறேன்.

02. அழுது முறையிடுவதற்காக இதை எழுதவில்லை என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் சொல்லப்போகும் விடயத்தில் எங்கள் பக்கம் ஏற்கெனவே வென்றுவிட்டது. வென்றது தங்கள் கணினிக்கு மட்டும்தான் இன்னும் தெரியாது.

03. என் கணவர் திரு. கந்தையா பரமலிங்கம், வயது 78. ஐம்பது வருடத்துக்கு மேல் கடற்றொழில் செய்தவர். இவ்வருடம் சித்திரை மாதத்தில் அவருக்குப் பாரிசவாதம் வந்தது. இடது கையும் இடது காலும் விழுந்துவிட்டன. பேச்சுக்கு ஒரு குறையும் வரவில்லை. குளிக்க வார்ப்பது, முகம் வழிப்பது, சேட்டுப் போடுவது, சோறு பிசைந்து கொடுப்பது, கதிரையில் தூக்கி இருத்துவது எல்லாம் நான். எங்கள் பிள்ளைகள் இருவரும் கடல் கடந்து இருக்கிறார்கள்; அவர்களைக் குறை சொல்வதற்கு இல்லை, ஆனால் தொலைபேசிக்குள்ளால் கையை நீட்டி ஒருவரைத் தூக்க முடியாது. ஆகவே அவருக்கு ஒரு சக்கர நாற்காலியும், வாரம் இரண்டு தரம் வீட்டுக்கு வந்து உடற்பயிற்சி செய்விக்க ஓர் இயன்மருத்துவரும் வேண்டுமென்று ஆடி மாதத்தில் தங்களுக்கு விண்ணப்பித்தேன். எழுபது கடந்தவர்கள் ஒரே வீட்டில் இருவர் இருந்தால் இருவரையும் மதிப்பிட வேண்டும் என்பது தங்கள் சுற்றறிக்கை. அதில் எனக்கு ஆட்சேபனை இருக்கவில்லை.

04. தங்கள் மதிப்பீட்டு உத்தியோகத்தர் செல்வி நிவேதனா எங்கள் வீட்டுக்கு வந்த நாள், செல்வச்சந்நிதி முருகன் கோயிலின் ஒன்பதாம் திருவிழா. ஐயா அவர்கள் இப்பகுதியைச் சேர்ந்தவரா என்று எனக்குத் தெரியாது. எங்கள் கோயிலில் பூசை செய்பவர் வாயைத் துணியால் கட்டிக்கொண்டு மௌனமாகவே பூசை செய்வார். அந்தச் சந்நிதியில் வளர்ந்த எங்களுக்கு, கதைக்காமல் இருப்பதும் ஒரு வழிபாடு. கணவர் எழும்பி நடக்க வேண்டுமென்று வேண்டி, கொடியேற்றத்திலிருந்து தீர்த்தம் வரை பதினைந்து நாளும் நான் மௌன விரதம் பிடித்திருந்தேன். நிலத்தில்தான் இருப்பது, பின்னேரம் ஒரு நேரம்தான் உண்பது என்பவையும் அதில் அடக்கம்.

05. கதைக்காவிட்டாலும் ஒரு துண்டில் எழுதிக் காட்டியிருக்கலாமே என்று தாங்கள் கேட்பது நியாயம். இங்கேதான் என் பக்கத்துப் பிழை தொடங்குகிறது. முப்பத்தொரு வருடம் எழுத்துத்தான் எனக்கு வாய். தலைவரோடு சண்டை பிடித்தது எழுத்தில், அமைச்சுக்குப் பதில் சொன்னது எழுத்தில். வாயை மூடிக்கொண்டு பேனையைத் திறந்து வைத்தால் அது முருகனை ஏமாற்றுவதாக இருக்கும் என்று பட்டது. ஆகவே பேனையையும் கொப்பியையும் கொடியேற்றத்துக்கு முதல்நாளே அலுமாரிக்குள் வைத்துப் பூட்டிவிட்டேன்.

06. உத்தியோகத்தர் வந்த நேரம் காலை பத்தரை. அதற்குள் வீட்டு வேலை முழுவதும் முடிந்திருந்தது. என் கணவர் குளித்து, முகம் வழித்து, வெளுத்த சேட்டும் சாரமும் உடுத்து, இடது கையை ஒரு சால்வையால் மூடிக்கொண்டு, சாய்மனைக் கதிரையில் மாப்பிள்ளை மாதிரி இருந்தார். நான் ஈரத்தலை விரித்தபடி, நெற்றி நிறையத் திருநீற்றுடன், சுவரோரமாக நிலத்தில் கண்ணை மூடிக்கொண்டு இருந்தேன். பார்த்த மாத்திரத்தில் இந்த இருவரில் நோயாளி யார் என்று கேட்டால், வழியால் போகிறவரும் என்னைத்தான் காட்டுவார். செல்வி நிவேதனா வேறு மாவட்டத்திலிருந்து புதிய நியமனத்தில் வந்தவர், எங்கள் பக்கத்துப் பழக்கங்கள் தெரியாதவர். அவரில் எனக்குக் கோபம் இல்லை. இருந்தது, இப்போது இல்லை.

07. என்னிடம் அவர் பெயர் கேட்டார், நாள் கேட்டார், கையைத் தூக்கச் சொன்னார். இப்போது கதைக்க முடியாது, திருவிழா முடியட்டும் என்று கையால் காட்டினேன். சுவரில் இருந்த நாட்காட்டியையும் கோயில் திசையையும் காட்டினேன். அது படிவத்தில் "காரணமின்றிக் கைகளை அசைக்கிறார்" என்று ஏறியிருக்கிறது. உணவு நீட்டினார், வாங்கவில்லை. கதிரையில் இருக்கச் சொன்னார், இருக்கவில்லை. கடைசியில் கையெழுத்துக் கேட்டார், பேனையைத் தொடவில்லை. அந்தப் பிள்ளை பதமாக என் பெருவிரலைப் பிடித்து மையில் தொட்டு வைத்தது. பெருவிரல் வைப்பது எழுத்தாகாது, விரதம் முறியாது என்று நானும் விட்டுவிட்டேன். இது இரண்டாவது பிழை. சங்கத்தில் எத்தனையோ பேரைக் கைநாட்டு வைக்க விடாமல் பிடித்து வைத்துப் பெயர் எழுதப் பழக்கியவள் நான். கைநாட்டு என்ன வேலை செய்யும் என்று எனக்கே தெரிந்திருக்க வேண்டும்.

08. என் கணவரை விசாரித்த விதத்தை இனிச் சொல்கிறேன். தாங்கள் பொறுமையாக வாசிக்க வேண்டும், ஏனெனில் இந்த மனுவின் உயிர் இதில்தான் இருக்கிறது. தொழிலுக்குப் போகிறவரின் காதில் "ஏலாது" என்ற சொல் விழக்கூடாது என்பது என் மாமியார் காலத்திலிருந்து எங்கள் வீட்டுக் கட்டுப்பாடு. வலை கிழிந்தாலும், வள்ளத்தில் தண்ணீர் ஏறினாலும், காய்ச்சல் நெருப்பாய்க் கொதித்தாலும் "ஏலும்" என்றுதான் சொல்ல வேண்டும். திருமணமாகி நாற்பத்தொன்பது வருடத்தில் என் கணவர் வாயிலிருந்து "ஏலாது" என்ற சொல்லை நான் கேட்டதில்லை. அப்படிப்பட்ட ஒருவரிடம் பத்துக் கேள்வி, பத்தும் "ஏலுமா" என்று முடிகிற கேள்வி.

09. தானாகச் சாப்பிட ஏலுமா? ஏலும். குளிக்க ஏலுமா? ஏலும். உடுக்க ஏலுமா? ஏலும். படுக்கையிலிருந்து எழும்ப ஏலுமா? அதற்கு "ஏன் ஏலாமல்" என்று கேட்பது போல ஒரு சிரிப்பு. படி ஏற ஏலுமா என்றதற்கு, காங்கேசன்துறையில் சீமெந்துக் கப்பலில் நூலேணி ஏறின கதையை ஆதியோடந்தமாகச் சொன்னார். அது 1971ஆம் ஆண்டு என்பதை மட்டும் சொல்லவில்லை. அதற்கும் முழுப் புள்ளி. பராமரிப்பவர் யார் என்று கேட்டபோது நெஞ்சில் வலக்கையை வைத்து, "இந்த வீட்டைப் பாக்கிறது நான்தான்" என்றார். பக்கத்தில் நிலத்தில் இருந்த நான் கண்ணைத் திறந்து பார்த்தேன். அதையும் "திடீரென விழிக்கிறார்" என்று எழுதியிருக்கிறார்கள்.

10. என் மௌனம் விரதம் என்று அவராவது சொல்லியிருக்கலாம். ஏன் சொல்லவில்லை என்று தீர்த்தம் முடிந்து வாய் திறந்த பிறகு கேட்டேன். காரணம் எனக்கே பிறகுதான் விளங்கியது. விரதம் என்று சொன்னால் யாருக்காக என்று அந்தப் பிள்ளை கேட்கும். தனக்காக என்றால் தனக்கு என்ன என்று கேட்கும். அந்த இடத்துக்குப் போக மனம் இல்லாமல்தான் அந்த மனிதர் நூலேணியில் ஏறிக்கொண்டார்.

11. முடிவு: நூறு புள்ளிக்கு என் கணவருக்குத் தொண்ணூற்றைந்து. எனக்குப் பதினைந்து. அந்தப் பதினைந்தும் எதற்காகக் கிடைத்தது என்று இங்கே எழுதுவது நாகரிகம் அன்று. படிவத்தின் பிரதி "பராமரிப்பாளர்" என்ற முறையில் என் கணவரிடம் கொடுக்கப்பட்டது. அதை அவர் கதிரை மெத்தைக்கு அடியில் வைத்து, பார்க்க வந்த பழைய தொழிலாளிகளுக்கு எடுத்துக் காட்டி, தனக்குத் தொண்ணூற்றைந்து என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார். தங்கள் கடிதம் வரும் வரை எனக்குக் காட்டவில்லை.

12. புரட்டாதி மாதத்தில் தங்கள் கடிதம் வந்தது. நான் "முழுமையான சார்பு" நிலையில் இருப்பதாலும், என் பராமரிப்பாளருக்கு வயது கூட என்பதாலும், சண்டிலிப்பாய்ப் பக்கத்தில் உள்ள ஒரு பராமரிப்பு இல்லத்தில் எனக்கு இடம் ஒதுக்கப்பட்டிருப்பதாகவும், ஒக்டோபர் 15ஆம் திகதி வாகனம் வரும் என்றும் அதில் இருந்தது. என் கணவருக்குச் சக்கர நாற்காலியும் இயன்மருத்துவரும் தேவையில்லை என்றும் இருந்தது. வாசித்துவிட்டு நான் வாயடைத்துப் போனேன். அதற்கு விரதம் தேவைப்படவில்லை. ஐயா, என்னை அங்கே கொண்டுபோனால் எனக்கு ஒன்றும் ஆகாது. கட்டில் தருவார்கள், சோறு தருவார்கள். ஆனால் அடுத்த நாள் விடிய அவரை யார் எழுப்புவது? படுத்த படுக்கையில் கிடந்து "ஏலும்" "ஏலும்" என்று சொல்லிக்கொண்டே அந்த மனிதர் செத்துப்போவார். இதைத்தான் தங்கள் கடிதம் கேட்டது.

13. அடுத்த நாளே பக்கத்து வீட்டுத் திருமதி கேதீஸ்வரியை அவருக்குக் காவலாக இருத்திவிட்டு, இரண்டு பேருந்து மாறித் தங்கள் பணியகத்துக்கு வந்தேன். கருமபீடத்தில் இருந்த தம்பி டிலக்ஷன் நல்ல மரியாதையாகக் கணினியைப் பார்த்து, இந்த முதியவரால் பேச முடியாது என்று இருப்பதால் முறைப்பாட்டைப் பராமரிப்பாளர்தான் நேரில் தர வேண்டும் என்று எனக்கு விளக்கினார். அந்த முதியவர்தான் நான் என்று கூறினேன். அவர் என்னைப் பார்த்தார், கணினியைப் பார்த்தார், திரும்ப என்னைப் பார்த்தார். கணினிதான் வென்றது. பராமரிப்பாளரால் நடக்க முடியாது என்றேன். அவருக்கு நடைக்கு முழுப் புள்ளி இருக்கிறதே என்றார். அடையாள அட்டையை மேசையில் வைத்து, மறுமதிப்பீட்டுக்கான படிவத்தை அவர் கண் முன்னாலேயே நிரப்பிக் கையெழுத்திட்டு, பெற்றதற்கான இறப்பர் முத்திரை குத்தும் வரை நகரமாட்டேன் என்று ஒற்றைக்காலில் நின்றேன். மத்தியானச் சாப்பாட்டு வேளைக்குச் சற்று முன்னர் முத்திரை குத்தப்பட்டது.

14. ஒக்டோபர் 8ஆம் திகதி செல்வி நிவேதனாவும் மருத்துவர் திரு. செந்தூரனும் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். என்னை நோக்கிய பத்துக் கேள்விக்கும் நான் வாயால் பதில் சொல்லவில்லை, செய்து காட்டினேன். கிணற்றில் அள்ளினேன், குளித்தேன், உடுத்தேன், சமைத்தேன், சாப்பிட்டேன், அவர்களுக்கும் பரிமாறினேன். பத்தாவது, படி ஏறுதல். எங்கள் வீட்டில் படி கிடையாது. கேதீஸ்வரி வீட்டில் மகன் காசு அனுப்பிக் கட்டிய மேல்மாடி இருக்கிறது. அங்கே போய்ப் பதினெட்டுப் படியும் ஏறி இறங்கினேன். பிறகு யாரும் கேட்காமலே இன்னொரு தரம் ஏறி, மேலே நின்று ஆற்றுவாயில் வள்ளங்கள் வருவதைச் சற்றுநேரம் பார்த்துவிட்டு இறங்கினேன். மருத்துவர் கீழே நின்று போதும் அம்மா, போதும் என்று கூப்பிட்டார்.

15. அடுத்தது என் கணவர். செல்வி நிவேதனா முன்பு கேட்டதையே கேட்டார். உடுக்க ஏலுமா? என் கணவர் என் முகத்தைப் பார்க்காமல் "ஏலும்" என்றார். இன்னும் ஏழு நாளில் வாகனம் வரும், என்னைக் கொண்டுபோகும் என்று இரவு பகலாகச் சொல்லியும் அந்தச் சொல்தான் வந்தது. மருத்துவர் ஒன்றும் எதிர்த்துச் சொல்லவில்லை. மடித்து வைத்திருந்த ஒரு சேட்டை எடுத்து அவர் மடியில் வைத்து, அவசரமில்லை ஐயா, போட்டுத் தெறியைப் பூட்டிக் காட்டுங்கள் என்றார்.

16. என் கை தானாக நீண்டது. அதை இழுத்து இரண்டு கையையும் சேலைத் தலைப்புக்குள் வைத்து, பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். பதினைந்து நாள் கதைக்காமல் இருந்தது ஒரு விரதமே அல்ல. அவர் ஒரு கையால் சேட்டோடு போராடுவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்த அந்த நேரம்தான் விரதம். வலது கை உள்ளே போனது. இடது கைக்கு மேலால் சேட்டு ஏறவில்லை. பல்லால் கடித்து இழுத்தார். ஒரு தெறியைப் பூட்டினார். அதுவும் பிழையான துளையில். நெற்றி வியர்த்தது. அவர் கடைசியாகச் சேட்டை விட்டுவிட்டு, தனக்குத் தொண்ணூற்றைந்து போட்ட அந்தப் பிள்ளையைப் பார்த்துச் சொன்னதை, சொன்னபடியே கீழே தருகிறேன்.

"நீர் போட்ட புள்ளி பிழை, பிள்ளை. உமக்கு நான் அண்டைக்குப் பொய் சொன்னனான். எனக்கு ஏலாது. எல்லாம் இவதான் செய்யிறவ."

17. கணவர் ஏலாது என்றதைக் கேட்டுச் சந்தோஷப்பட்ட பெண் என்று என்னைத் தவறாக எடுக்க வேண்டாம். ஆனால் சந்தோஷம்தான் பட்டேன். மறைக்க மாட்டேன், பொங்கிக்கொண்டு வந்தது. புயலில் வள்ளத்தைக் கரை சேர்த்த காலத்திலும் அவர் இவ்வளவு துணிவாக எனக்குத் தெரிந்ததில்லை. அந்தச் சொல்லைச் சொன்னால் உயிர் போய்விடும் என்று நினைத்துக்கொண்டிருந்தவர், என்னை வீட்டில் வைத்திருப்பதற்காக அதை அந்நியர் இருவருக்கு முன்னால் சொன்னார். செல்வி நிவேதனா கண்ணைத் துடைத்துக்கொண்டு படிவத்தை முதலிலிருந்து எழுதினார். என் கணவருக்கு வெட்கமாக இருக்குமோ என்று பயந்தேன். அவருக்குப் பசித்தது, இரண்டாம் தரமும் சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

18. மறுமதிப்பீட்டின்படி எனக்கு நூறு, அவருக்கு முப்பத்தைந்து. முப்பத்தைந்து என்றால் பரீட்சையில் சாதாரண சித்திதானே, தான் பெயில் இல்லையே என்று மருத்துவரிடம் கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டார். மருத்துவர் எழுதித் தந்த அறிக்கையின் பிரதியை இத்துடன் இணைத்துள்ளேன்.

19. இதோடு விடயம் முடிந்தது என்று இருந்தோம். ஆனால் ஒக்டோபர் 15ஆம் திகதி காலை, சொன்ன நாளில் சொன்ன நேரத்துக்கு, வாகனம் படலையில் வந்து நின்றது. நேரம் தவறாமைக்காகப் பணியகத்தைப் பாராட்டுகிறேன். சாரதி திரு. யாகப்பு, உதவியாளர் திருமதி பெர்னடெட், இருவரும் குருநகரைச் சேர்ந்தவர்கள். தூக்குப்படுக்கையுடன் இறங்கி வந்து, படலை திறந்துவிட்ட என்னிடம், "நோயாளி எங்கை அம்மா?" என்று கேட்டார்கள். "நான்தான். இருங்கோ, தேத்தண்ணி போடுறன்" என்றேன். தூக்குப்படுக்கையை மெதுவாகச் சுவரில் சாத்தி வைத்தார்கள்.

20. வெறும் வாகனத்தோடு திரும்பினால் பதில் சொல்ல வேண்டிவரும் என்று திரு. யாகப்பு தயங்கினார். அவர் கையில் இருந்த பயணத் துண்டை வாங்கி வாசித்தேன். பழைய எழுதுவினைஞர் அல்லவா, ஒரு தாளைக் கண்டால் விட முடியாது. அதில் என் பெயர் இல்லை. "மேற்படி விலாசத்தில் முழுமையான சார்பு நிலையில் உள்ள முதியவரை ஏற்றவும்" என்று மட்டும் இருந்தது. மருத்துவர் செந்தூரனின் அறிக்கையை எடுத்து, அந்த முதியவர் யார் என்று காட்டினேன். அவரை வைத்தியசாலை உடற்பயிற்சிப் பிரிவுக்குக் கொண்டுவரச் சொல்லி அதே மருத்துவர் தந்த துண்டையும் காட்டினேன். கொண்டுபோக வழியில்லாமல் அது ஒரு வாரமாகச் சுவாமிப் படத்துக்குப் பின்னால் செருகிக் கிடந்தது. திருமதி பெர்னடெட் தம் மேலதிகாரிக்குத் தொலைபேசி எடுத்தார். வாகனம் வெறுமையாகத் திரும்பக்கூடாது, ஏற்ற வேண்டியவரை ஏற்றுங்கள் என்று பதில் வந்தது.

21. என்னைப் பிரித்துக் கொண்டுபோக வந்த வாகனத்தில், என் கணவரைத் தூக்குப்படுக்கையில் ஏற்றி, நான் முன் இருக்கையில் ஏறி இருந்தேன். வழியனுப்ப வந்து கண் கலங்கி நின்ற ஒழுங்கைச் சனம் ஒன்றும் விளங்காமல் கையைக் காட்டியது. நானும் காட்டினேன், இந்தத் தரம் காரணத்தோடு.

22. வைத்தியசாலையில் இரண்டு கம்பிகளுக்கு நடுவில் என் கணவரைப் பிடித்து நிறுத்தினார்கள். பிறகு பிடியை விட்டார்கள். சித்திரை மாதத்துக்குப் பிறகு முதன்முறையாக அவர் தன் காலில் நின்றார். நான் உரத்து எண்ணினேன், பதினொன்று வரை. பன்னிரண்டில் இருத்திவிட்டார்கள். வாரம் இரண்டு தரம் பயிற்சி கொடுத்தால் தை மாதத்துக்குள் கைத்தடியோடு நடக்கப் பார்க்கலாம் என்று அங்கிருந்த இயன்மருத்துவர் சொன்னார். திரும்பும் வழியில் திரு. யாகப்பு, கேட்காமலே, தொண்டைமானாற்றுப் பாலத்தில் வாகனத்தைச் சற்று நிறுத்திக் கதவைத் திறந்துவிட்டார். ஆறு மாதமாக ஆற்றுவாயைக் காணாத மனிதர் ஆசை தீரப் பார்த்தார். பிறகு யாரோ வலை இழுக்கும் விதம் பிழை என்று வீடு வரும் வரை குறை சொல்லிக்கொண்டு வந்தார். எனக்கு அது நாதஸ்வரம் கேட்டது போல இருந்தது.

23. இப்போது இந்த மனுவுக்கு வந்த காரணம். நவம்பர் 3ஆம் திகதியிட்ட தங்கள் கடிதத்தில், நான் இல்லத்தை வந்தடையாததால் 19ஆம் திகதி வாகனம் மீண்டும் வரும் என்றும், இம்முறை என் பெயர் பயணத் துண்டில் குறிப்பிடப்பட்டிருக்கும் என்றும் உள்ளது. மறுமதிப்பீட்டை ஏற்க முடியாதாம். காரணம்: அதைக் கோரிய படிவத்தில் உள்ள கையெழுத்து, என் கோப்புக் கோவையில் உள்ள பெருவிரல் அடையாளத்துடன் பொருந்தவில்லை. ஐயா, இதை நான் மூன்று தரம் வாசித்தேன். முதலாம் தரம் கோபம் வந்தது. இரண்டாம் தரம் சிரிப்பு வந்தது. மூன்றாம் தரம் பேனையை எடுத்தேன்.

24. ஆகவே தங்களிடம் நான் எதிர்பார்ப்பவை பின்வருமாறு:

(அ) ஒன்பதாம் திருவிழாவன்று நிரப்பப்பட்ட இரு படிவங்களையும் இரத்துச் செய்து, ஒக்டோபர் 8ஆம் திகதிய மறுமதிப்பீட்டைக் கணினியில் ஏற்ற வேண்டும்.

(ஆ) பராமரிப்பாளர் என்ற இடத்தில் என் பெயர் வர வேண்டும். இது எனக்கு எந்தச் சக்கர நாற்காலியையும் விடப் பெரிய விடயம்.

(இ) 19ஆம் திகதி வாகனம் வருவதை நிறுத்த வேண்டாம். பயணத் துண்டில் என் பெயரை வெட்டி என் கணவரின் பெயரை எழுதி, இல்லத்துக்குப் பதிலாக உடற்பயிற்சிப் பிரிவு என்று போட்டால் போதும். அன்றைக்கு அவருக்கு அங்கே பயிற்சிக்குத் தவணை இருக்கிறது. பொருளில் நிறுத்துமாறு எழுதியது, எழுதத் தொடங்கியபோது இருந்த எண்ணம். எழுதி வரும்போது இது நல்ல யோசனையாகத் தோன்றியது. சக்கர நாற்காலி வரும் வரை இப்படியே ஓடலாம்.

(ஈ) ஒக்டோபர் 15ஆம் திகதிப் பயணத்துக்காகத் திரு. யாகப்பு, திருமதி பெர்னடெட் இருவர் மீதும் எந்த நடவடிக்கையும் எடுக்கக்கூடாது. செல்வி நிவேதனாவையும் இடமாற்ற வேண்டாம். தன் பிழையைத் தானே அடித்துத் திருத்தி எழுதிய உத்தியோகத்தரை நான் என் சேவைக் காலத்தில் இரண்டே பேரைத்தான் கண்டிருக்கிறேன்.

(உ) இது எங்களுக்கு மட்டும் அல்ல. எங்கள் கரையில் மட்டும் எத்தனை வீட்டில் எத்தனை பேர் "ஏலும்" என்று சொல்லி முழுப் புள்ளி வாங்கிக்கொண்டு கட்டிலில் கிடக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். அவர்களிடம் ஏலுமா என்று கேட்க வேண்டாம். இன்று காலை யார் உங்களுக்கு முகம் வழித்தது, யார் சேட்டுப் போட்டுவிட்டது என்று கேட்கச் சொல்லவும். ஒரு சேட்டைக் கையில் கொடுத்துப் பார்க்கச் சொல்லவும். பேசாமல் இருப்பவரைக் கண்டால், பேச முடியாதவர் என்று எழுதுமுன் அயல் வீட்டில் ஒரு வார்த்தை விசாரிக்கச் சொல்லவும். திருவிழாக் காலத்தில் எங்கள் பக்கம் வராமல் இருந்தால் இன்னும் நல்லது.

25. கையெழுத்தும் பெருவிரல் அடையாளமும் பொருந்தவில்லை என்ற ஆட்சேபனை மீண்டும் எழாமல் இருக்க, இரண்டையும் ஒரே தாளில், ஒரே நாளில், ஒரே ஆளாகக் கீழே வைத்துள்ளேன். ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளவும். கோவையில் இன்னமும் "பராமரிப்பாளர்" ஆக இருப்பவரின் ஒப்பமும் தேவைப்படும் என்பதால் என் கணவரையும் ஒப்பமிடச் சொன்னேன். கையெழுத்து மட்டும் போதும் என்றேன். அவர் பேனையை வாங்கி அதற்கு மேலும் எழுதிவிட்டார். வெட்டவில்லை, அப்படியே விட்டிருக்கிறேன்.

19ஆம் திகதிக்கு முன் தங்கள் பதில் படலைக்கு வரும் என்ற நம்பிக்கையுடன்,

இவ்வண்ணம்,
பேசவும் எழுதவும் படி ஏறவும் இயலுமான,

(ஒப்பம்) ஞானாம்பிகை பரமலிங்கம்
(மேற்படியாளின் இடது பெருவிரல் அடையாளம்)

இடம்: தொண்டைமானாறு
திகதி: 2025.11.10

இணைப்பு: மறுமதிப்பீட்டு அறிக்கையின் பிரதி, முத்திரை குத்திய பற்றுச்சீட்டு.

பராமரிப்பாளர் எனப் பதியப்பட்டவரின் ஒப்பம்:
வாசித்தேன். முழுவதும் உண்மை. அந்த வாகனம் எப்பவாவது இவவை ஏற்ற வந்தால், என்னையும் சேர்த்து ஏற்றச் சொல்லவும்.
(ஒப்பம்) க. பரமலிங்கம்